கை நனைக்காமல் போனவன்

என் அண்ணன் நல்லுசாமி என் வீட்டில் கை நனைக்காமல் போய்விட்டான். தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. குழம்பின் ஆவிகூட அடங்கவில்லை. பெண் பெரியவளானால் தாய்மாமன் வந்து குச்சு கட்ட வேண்டும். கட்டிவிட்டு ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் படி இறங்குகிறவன், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று வாயால் வேறு சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

தீட்டு வீடு என்பதால் சாப்பிடவில்லை என்றும் சொல்ல முடியாது. அதற்காகவே பக்கத்து வீட்டுத் தங்கம்மா தன் அடுப்பில் ஆக்கிக் கொண்டுவந்து வைத்திருந்தாள். காரணம் வேறு. அது உள்ளறையில், பழைய சேலைத் திரைக்குப் பின்னால், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. என் கொழுந்தன் கருப்பையா.

அண்ணன் அன்று காலையில்தான் வந்தான். இந்த மலையில் தென்னை ஓலைக்கு எங்கே போவது? காட்டு மூங்கிலை வளைத்து, பெரணி இலையை வேய்ந்து, என் மகள் பத்மா உட்காரப் பின்தாழ்வாரத்தில் குச்சு கட்டினான். கயிறு அறுக்கக் கத்தி கேட்டான். நான் எடுத்து வருவதற்குள் அவனே உள்ளே எட்டிப் பார்த்தான். திரைக்குக் கீழே இரண்டு கால்கள். என் புருஷனோ வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் அந்தக் கால்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. மிச்சக் கட்டையும் கட்டி முடித்தான், கையைக் கழுவினான், தட்டுக்கு முன்னால் வந்து நின்றான்.

"உக்காருண்ணே" என்றேன்.

"வேலை இருக்கு" என்றான். என் புருஷனைத் தாண்டிப் படி இறங்கி, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். தன் வீட்டுப் பக்கம் போகவில்லை, டவுன் பக்கம் போனான்.

போலீஸ் நிலையம் டவுனில்தான் இருந்தது.

எழுபத்தைந்தாம் வருஷம் அது. எல்லாரும் குரலைத் தணித்துப் பேசிய வருஷம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் நடமாடுகிறார்கள் என்று சொல்லி, கம்போங் ராஜாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தை ஒட்டிய காட்டில் ஆர்மி இறங்கியிருந்தது. வேலையில்லாமல் காட்டோரம் யாராவது நடந்தால் சுடுவோம் என்று லோரியில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மேல் மலையில் கொழுந்து எடுக்கிற பொம்பளைகளை மட்டும், முதுகில் கூடையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்வதில்லை.

அந்தச் சமயத்தில்தான் காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடித்த பிறகு கணக்கு எழுதும் கிராணி புது உத்தரவு ஒன்றைச் சொன்னார். வீட்டில் வெளியாள் யாராவது ராத்தங்கினால் அந்த வீட்டுக் குடும்பத் தலைவன் போய்ப் போலீஸில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிடிப்பது தலைவனைத்தான்.

"சரியான சட்டம்" என்றான் என் அண்ணன், கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "தன் வீட்டுல யாரு படுத்திருக்கான்னு தெரியாதவன் என்ன ஆம்பளை?"

என் புருஷன் பத்தடி தள்ளி நின்று, வானத்தைப் பார்த்துச் சொன்னார். "அண்ணன் வீட்டுக்குத் தம்பி வந்தா அவன் வெளியாளா? நல்ல சட்டம்லா."

அவர் பெயர் இருளப்பன். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள், ஆனால் பெயர் இல்லாமல் கதை சொன்னால் உங்களுக்கு யார் எவர் என்று விளங்காது. என் அண்ணன் ஆளும் கட்சியான தராசுக் கட்சியின் கிளைத் தலைவன். என் புருஷன் எதிர்க்கட்சி, ராக்கெட் சின்னம். எழுபத்து நாலு தேர்தலில் இருவரும் எதிரெதிராக நின்று கத்தியதிலிருந்து நேருக்கு நேர் பேச்சு கிடையாது. பேச வேண்டியிருந்தால் நடுவில் நான். "உன் புருஷன்கிட்டச் சொல்லு" என்பான் அவன். "உங்கண்ணன்கிட்டச் சொல்லு" என்பார் இவர். ஒரு கை தூரத்தில் இரண்டு பேரும் நின்றாலும் நான்தான் சொல்ல வேண்டும். நானும் சொல்லுவேன், ஒரு வார்த்தை மாற்றாமல். எனக்கென்ன, வாய்க்கூலியா கேட்கப் போகிறேன்?

இரண்டு பேரும் மேடையில் ஏறினால் குடும்பம் குடும்பம் என்றுதான் பேசுவார்கள். அதுதான் வேடிக்கை. எங்கள் அப்பா கங்காணி. அண்ணன் இளவட்டமாக இருந்தபோது வேலைக்குப் போகாமல் ஊர் சுற்றியதற்கு, தூணில் கட்டிவைத்து இடுப்பு வாரால் அடித்தார். மறுநாள் அதே அப்பா, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, துரை பங்களா வாசலில் நின்று மகனுக்காகக் கெஞ்சினார். வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டாமல் விட்டார்கள். அண்ணன் இதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும். "அடிச்ச கைதான் போய்க் கும்பிட்டுச்சு. அதான் குடும்பம். தலைன்னு ஒண்ணு இருக்கணும், மத்தது அடங்கி நிக்கணும். நாடும் அப்படித்தான்" என்பான்.

என் புருஷனுக்கு அடிக்கவும் ஆளில்லை, கும்பிடவும் ஆளில்லை. பத்து வயதில் காய்ச்சலில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். இடுப்பில் கைக்குழந்தையாக இந்தக் கருப்பையா. லயத்தில் ஒரு வீடு காலையில் கஞ்சி ஊற்றியது, ஒரு வீடு ராத்திரி படுக்க இடம் கொடுத்தது, இன்னொருத்தி தன் பிள்ளைக்கு ஒரு பக்கமும் கருப்பையாவுக்கு ஒரு பக்கமுமாகப் பால் கொடுத்தாள். "எங்களுக்குத் தலையே இல்லே, அதனாலதான் பொழைச்சோம். கதவு தொறந்திருந்துச்சு, அதான் குடும்பம்" என்பார் இவர்.

அண்ணனுக்கு இவர் பொறுப்பில்லாத ஆள். இவருக்கு அண்ணன் ஈரமில்லாத ஆள். ஒருத்தன் வளர்ந்த வீட்டை இன்னொருத்தன் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு வீட்டையும் பார்த்தவள் நான் ஒருத்திதான். என்னை யார் கேட்டார்கள்?

கருப்பையா ஈப்போ பக்கம் ஒரு மர ஆலையில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். அங்கே வேலைநிறுத்தம். அவனோடு சேர்ந்து நின்ற கூட்டாளிகள் இரண்டு பேரை வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பெற்றவர்களுக்கே தெரியவில்லை. இவன் தப்பி, திரிங்காப்புக்குக் காய்கறி ஏற்ற வந்த காலி லோரியில் சாக்குகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு மலை ஏறி வந்துவிட்டான். வந்த அன்று ஒரு சட்டி சோறு தின்றான். அதன் பிறகு வெளியே மோட்டார் சத்தம் கேட்டால்கூடத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். இருபத்து நாலு வயது ஆள், வேர்த்து வேர்த்து, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும்.

"போலீஸ்ல சொல்லிருவோங்க. நம்மளைப் பார்க்க வந்திருக்கான்னு சொல்லுவோம்" என்று நான் கெஞ்சினேன்.

"நான் போய்ச் சொன்னா? ராக்கெட்காரன் தம்பி, மில்லுல ஸ்ட்ரைக் பண்ணவன். கொண்டாடா அவனைன்னு தூக்கிட்டுப் போவான். அதுவும் இல்லாம, என் தம்பி என் வீட்டுல இருக்கான்னு ஊரான்கிட்ட நான் ஏன் சொல்லணும்?"

அந்த நிலைமையில்தான் பத்மா பெரியவளானாள். தாய்மாமனுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா?

மோட்டார் சத்தம் வளைவில் மறைந்ததும் என் புருஷன் உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார்.

"சாப்பிடலையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப அறுத்துட்டான். சொல்லத்தான் போறான்." உள்ளறைப் பக்கம் திரும்பினார். "டேய் கருப்பையா, கிளம்புடா."

ரோட்டில் போக முடியாது, ரோடு பிளாக் போட்டிருந்தார்கள். மேல் மலை ஏறி, காட்டோரமாகவே நடந்து, திரிங்காப்புத் தோட்டங்கள் பக்கம் இறங்கிவிட்டால், அவனுக்குத் தெரிந்த சீன டிரைவர் யாராவது முட்டைக்கோஸ் கூடைகளுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு போய்விடுவான். காட்டோரம் ஆர்மி இருக்கிறதே என்றேன். இங்கே இருந்தால் பிடிபடுவது நிச்சயம், அங்கே போனால் ஒருவேளை தப்பலாம் என்றார்.  அண்ணன் தொடாத தட்டிலிருந்தே கொஞ்சம் சோற்றை அள்ளி ஒரு துணியில் முடிந்து கொடுத்தேன். என் கை அவன் கையில் பட்டது. ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

"அண்ணி, பத்மாகிட்ட சொல்லிருங்க" என்றான். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வேலிப் பக்கமாகக் குனிந்து போனான்.

பிறகு நாங்கள் காத்திருந்தோம், ஜீப்புக்காக. நான் வாசலுக்கும் பின்தாழ்வாரத்துக்கும் நடந்தேன். குச்சுக்குள்ளிருந்து பத்மா, "அம்மா, ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள். "சும்மா இரு" என்று அதட்டினேன். பெரியவளான பெண்ணை அன்றைக்கு அதட்டக்கூடாது. பயத்தில் எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை.

மத்தியானம் தாண்டி மூடுபனி இறங்கத் தொடங்கியபோது மோட்டார் சத்தம் கேட்டது. ஒரே ஒரு மோட்டார். பின்னால் ஜீப் இல்லை. அண்ணன் மட்டும் இறங்கி வந்தான்.

"எங்க அவன்?" என்று என்னைக் கேட்டான்.

என் புருஷன் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "உங்கண்ணன்கிட்டச் சொல்லு. இந்த வீட்டுல அவன் இவன்னு யாரும் இல்லே."

"உன் புருஷன்கிட்டச் சொல்லு. கருப்பையா என் வீட்டுல தங்கியிருக்கான்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டு வந்திருக்கேன். என் மருமக சடங்குக்கு வந்தவன், தலைவன் நான்தான்னு. சாயங்காலம் கார்ப்பரல் என் வீட்டுக்கு வந்து ஆளைப் பார்ப்பாரு. பார்த்துட்டா முடிஞ்சுது, அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க. ஆளு அங்க இல்லேன்னா நானும் உள்ள, உன் புருஷனும் உள்ள."

எனக்குக் காதில் விழுந்தது, ஆனால் மூளைக்குள் போகவில்லை. என் புருஷன் சிரித்தார். கசப்பான சிரிப்பு.

"நல்ல கதைலா. தம்பி எங்கேன்னு நான் வழியைக் காட்டணும், ஜீப் அந்தப் பக்கம் போகணும். இவரு நமக்காகப் பொய் சொன்னாராம். யாரு கேட்டா இவரை? இவரு யாரு என் தம்பிக்குத் தலைவன்?"

 அண்ணனுக்கு விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை. அப்பாவும் அப்படித்தான், துரையிடம் கெஞ்சிவிட்டு வந்து மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பல வருஷம் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் அண்ணனுக்கே தெரியும்.

"ஏண்ணே அப்பவே சொல்லலே?" என்று நான் கத்திவிட்டேன். "ஏன் சாப்பிடாமப் போனே?"

"காலைப் பார்த்ததுமே கருப்பையான்னு தெரிஞ்சுது. உக்காந்திருந்தா அவனைக் கூப்பிட்டு உக்கார வைக்கணும். வந்து உக்காந்தா, என்னடா பண்ணிட்டு வந்தேன்னு கேக்கணும். கேட்டா தெரிஞ்சிரும். தெரிஞ்சுகிட்டு அங்க போய் நின்னா எனக்குப் பொய் வராது அம்மாக்கண்ணு." ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அவன் பண்ணது ஒண்ணும் தெரியாமப் போனேன். அதனாலதான் சொல்ல முடிஞ்சுது."

நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. உண்மையாக இருந்தால் கருப்பையாவை இப்போதே திரும்பக் கொண்டுவர வேண்டும். பொய்யாக இருந்தால் நான் வாய் திறப்பது அவன் கழுத்தை அறுப்பது. என்னோடு பிறந்தவன் ஒரு பக்கம், என்னோடு படுத்தவர் ஒரு பக்கம். யாரை நம்புவது?

அப்போது அண்ணன் ஒரு காரியம் செய்தான். என் புருஷனை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, காலையில் விட்டுப்போன அதே தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சோறு விறைத்துக் கிடந்தது, குழம்பு ஆடை கட்டியிருந்தது. அதைப் பிசைந்து வாயில் போட்டான். விழுங்க முடியவில்லை. தண்ணீர் குடித்து விழுங்கினான். இன்னொரு வாய் எடுத்தபோது பருக்கைகள் மடியில் கொட்டின. இந்தத் தோட்டத்தில் துரை முன்னாலும் குரல் நடுங்காதவன் என் அண்ணன்.

"நனைச்சிட்டேன். இப்பவாவது சொல்லு" என்றான்.

சொல்லிவிட்டேன். மேல் மலை வழியாகத் திரிங்காப்புக்கு, காட்டோரமாக.

"கொன்னுட்டியேடி" என்றார் என் புருஷன், மெதுவாக.

அண்ணன் சோற்றுக் கையோடு எழுந்தான். "மேல் மலையா? இப்ப வர்ற வழியில பார்த்தேன், இன்னும் ரெண்டு லோரி ஆர்மி அங்கதான் ஏறுது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவுக்கு ஓடினார்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. நான் குறுக்கே நின்றேன். "ஆம்பளைங்க போனீங்கன்னா உங்களையும் சுடுவான். நாங்க போறோம்."

தங்கம்மாவைக் கூப்பிட்டேன், என் அண்ணி ரஞ்சிதத்தையும் கூப்பிட்டேன். கூடையை முதுகில் மாட்டி, இடுப்பில் பிளாஸ்டிக் துணியைக் கட்டிக்கொண்டோம். தீட்டு வீட்டுக்காரி தேயிலைக்குள் போகக்கூடாது என்று தங்கம்மா வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மேல் மலையில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிறவளின் கூடைகூடத் தெரியாது. எங்கோ காடு இருந்தது, எங்கோ ஆர்மி இருந்தது, எங்கோ கருப்பையா இருந்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாது. ஆம்பளைப் பெயர் ஒன்றைக் காட்டுக்குள் கத்தினால் துப்பாக்கிக்காரனுக்குத்தான் முதலில் கேட்கும். சும்மா நடந்தால் அவனுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது.

"குலவை போடுவோம்" என்றாள் ரஞ்சிதம். "நம்ம ஆளுன்னு அவனுக்குத் தெரியும். கேக்கறவனுக்கு ஏதோ சாமி காரியம்னு தோணும்."

போட்டுப் பார்த்தேன். வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கல்யாணத்திலும் தீமிதியிலும் என்னை மிஞ்சிக் குலவையிட ஆள் கிடையாது. அன்று வெறும் காற்றுதான் வந்தது. ரஞ்சிதம் தொடங்கினாள், தங்கம்மா சேர்ந்தாள், அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது. மூன்று பொம்பளைகளின் குலவை அந்தப் பனிக்குள் போய்ச் செத்தது. நின்று காது கொடுத்தோம். தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். மறுபடி நடந்தோம், மறுபடி குலவையிட்டோம்.

அப்போது மேலே ஒரு வெடி கேட்டது.

ஒரே ஒரு வெடி. தங்கம்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.  வாயில் துணியைத் திணித்துக்கொண்டு அழுதேன். முடிந்துவிட்டது, நான்தான் வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ரஞ்சிதம் மட்டும் நிற்கவில்லை. "நிறுத்தாதே, போடு, போடு" என்றாள். அழுதுகொண்டே குலவை போட்டேன்.

"சியாப்பா?"

யார் என்று மலாயில் கேட்ட குரல் எனக்கு நேர் முன்னால் இருந்தது. பனிக்குள்ளிருந்து முதலில் துப்பாக்கி வந்தது, பிறகு பையன். ஆமாம், பையன்தான், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. துப்பாக்கி முனை என் நெஞ்சுக்கும் தங்கம்மா நெஞ்சுக்கும் மாறி மாறி ஆடியது. எங்களைவிட அவன் பயந்திருந்தான். பயந்தவன் விரல் எங்கே இருக்கிறது என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கெர்ஜா, துவான்" என்றேன், கூடையைத் திருப்பிக் காட்டி. வேலை செய்கிறோம். எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், என் மகள் பெரியவளாகிவிட்டாள், இது எங்கள் வழக்கம், அவளுக்காகச் சத்தம் போடுகிறோம் என்று சொன்னேன். அவனுக்குக் காது சிவந்தது. துப்பாக்கியைக் கொஞ்சம் இறக்கினான். சற்று முன் ஏதோ ஓடியது, சுட்டேன், பன்றியாக இருக்கும், மேலே போகாதீர்கள் என்று கையால் காட்டினான். பிறகு பனிக்குள் மறைந்தான்.

ஏதோ ஓடியது. பன்றியா?  அவன் போகாதே என்று காட்டிய பக்கம்தான் நான் நடந்தேன். குலவை இப்போது சன்னமாகத்தான் வந்தது, அழுகிற பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கும் சத்தம் போல. கவாத்து வெட்டாத பழைய செடிகள் அடர்ந்து கிடந்த இடத்தில், முழங்கால் உயரத்தில், யாரோ என் பிளாஸ்டிக் துணியைப் பிடித்து இழுத்தார்கள்.

செடிக்கு அடியில் கருப்பையா குப்புறக் கிடந்தான். முகமெல்லாம் சேறு. அடிபடவில்லை. பல் கிட்டிப்போய் வார்த்தை வரவில்லை. நான் கொடுத்த சோற்று முடிச்சைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். ரஞ்சிதம் தன் தலைத்துணியை அவிழ்த்து அவன் தலையில் கட்டினாள், தங்கம்மா தன் கூடையை அவன் முதுகில் மாட்டினாள். நாங்கள் மூன்று பேரும் நடுவில் அவனுமாக இறங்கி வந்தோம். லயம் கண்ணில் படும்வரை குலவையை நிறுத்தவில்லை. தொண்டையில் ரத்தம் வந்த மாதிரி இருந்தது. குச்சுக்குள் பத்மா அதைக் கேட்டுத் தனக்குத்தான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாளாம்.

கார்ப்பரல் வந்தபோது கருப்பையா என் அண்ணன் வீட்டில், அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இவன்தானா என்று கார்ப்பரல் கேட்டார். என் தம்பி மாதிரி, இருக்கிறவரை எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று அண்ணன் சொன்னான். கார்ப்பரல் தலையாட்டிவிட்டு, ஒரு மடக்குத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். இதற்காகவா என் உயிர் போய் வந்தது என்று இருந்தது.

ஜீப் போனதும் அண்ணன் எழுந்து கருப்பையாவை ஓங்கி ஓர் அறை அறைந்தான்.

என் புருஷன் எங்கிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாரோ, ஓடிவந்துவிட்டார். "என் தம்பி மேல கை வைக்க அவன் யாருன்னு கேளு."

"இவனுக்காக இன்னைக்குத் தலையைக் கொடுத்தவன்னு சொல்லு."

"தலையைக் கொடுத்தா அடிக்கலாமான்னு கேளு. காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் காட்டுக்குப் போயிருப்பானான்னு கேளு."

"என்னை நம்பியிருந்தா போயிருப்பானான்னு கேளு."

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை போய்விட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கருப்பையாவை வேப்பெண்ணெய் தடவ உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

குச்சில் இருக்கும் நாட்கள் முடிந்து, பத்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அண்ணன் சீர்த்தட்டோடு வந்தான். பட்டுப் பாவாடை, வளையல், பழம், எல்லாம் குறைவில்லை. மாலை போட்டான், மருமகளை ஆசீர்வதித்தான். பந்தி போட்டபோது, நான் உட்காரச் சொன்னேன். தட்டைப் பார்த்தான்.

"வேலை இருக்கு" என்றான். படி இறங்கிவிட்டான்.

பந்தியில் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. கருப்பையா எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தான். என் புருஷன் வாசலைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார்.  இப்போது எதற்குச் சாப்பிடாமல் போகிறான்? எங்களைக் காப்பாற்றவா, காட்டிக்கொடுக்கவா? 

"உக்காருங்க எல்லாரும்" என்றாள் ரஞ்சிதம். பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அவரு எங்கயும் போகலே. அன்னைக்கு ஸ்டேஷன்ல பொய் சொல்லிட்டு வந்தாரே, அதுலேருந்து அவருக்குச் சோறு இறங்கல. எங்க வீட்டுலயும்தான். தட்டு முன்னால உக்காந்தா, ஜீப் சத்தம் கேக்குதா பாரு, ஜீப் சத்தம் கேக்குதா பாருங்கறாரு."

நான் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணன் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கல்லில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை தோளில் தொங்கியது. இளைத்துப்போயிருந்தான், நான் கவனிக்கவே இல்லை. தட்டை மடியில் வைத்தேன். கையை விட்டான், எடுத்தான். வாய்க்குப் போகவில்லை.

"யாராச்சும் வராங்களா பாரு" என்றான்.

"யாரும் வரலேண்ணே."

"நல்லாப் பாரு."

பின்னால் காலடிச் சத்தம். என் புருஷன். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.  நீ பொய் சொன்னது சரி என்று அவர் சொல்லமாட்டார், நீ கதவைத் திறந்தது சரி என்று அண்ணனும் சொல்லமாட்டான். அது எனக்குத் தெரியும்.

"உங்கண்ணனைச் சாப்பிடச் சொல்லு" என்றார். "ரோட்டை நான் பார்த்துக்கறேன்னு சொல்லு."

அண்ணன் ஒரு கை தூரத்தில்தான் இருந்தான். இருந்தாலும் நான் சொன்னேன், ஒரு வார்த்தை மாற்றாமல். அவன் என் புருஷனின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குனிந்து முதல் வாயை எடுத்துப் போட்டுக்கொண்டான்.